பௌர்ணமியில் விட்டுப்போனவர்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நான் செய்த நல்ல ஆய்வுகளைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நல்லதெல்லாம் நூலகத்து அலமாரியில் அட்டை போட்டுத் தூங்குகிறது. வேண்டுமானால் போய் எழுப்பிக்கொள்ளுங்கள். நான் மூக்குடைபட்ட கதைதான் உங்களுக்கு உபயோகப்படும். ஓய்வு பெற்றுவிட்டதால் இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்கிற தைரியமும் வந்துவிட்டது.

முதலில் நம் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "சுகாதாரப் பொருளாதாரம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கீழ்பென்னாத்தூரில் என் பெரியப்பா, நான் ஏதோ ஆஸ்பத்திரியில் பில் போடுகிறேன் என்றே கடைசிவரை நம்பினார். கடலைக் கொல்லையில் நின்றுகொண்டு அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கும் பொறுமை இல்லை. இப்போது கேட்டால் இப்படிச் சொல்வேன்: டாக்டர் நோயாளியைப் பரிசோதிக்கிறார், நாம் அரசு போடுகிற விதியைப் பரிசோதிக்கிறோம். அந்த விதி வந்த பிறகு ஜனங்களுக்கு உடம்பு தேறியதா, மோசமானதா என்று பார்த்துச் சொல்கிறோம். நாம் தப்பாகச் சொன்னால் ஊசி வலிக்கும். ஆனால் வலிப்பது நமக்கு இல்லை.

கதைக்கு வருகிறேன். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அரசு இலவசமாக மாத்திரை தருகிறது. முன்பு எந்த நாள் போனாலும் கிடைக்கும். சிலர் இரண்டு இடத்தில் வாங்கி டப்பாவில் சேர்த்துவைத்தார்கள். சிலர் மூன்று மாதம் எட்டியே பார்க்கவில்லை. அதனால் எங்கள் பகுதியில் சோதனையாக ஒரு புது விதி வந்தது. சரியாக இருபத்தெட்டு நாளைக்குத்தான் மாத்திரை. குறித்த தேதியில் நேரில் வந்து இயந்திரத்தில் விரல் வைத்து வாங்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் கம்ப்யூட்டர் பெயரை மூடிவிடும். மறுபடி திறக்க வேண்டுமானால் திருவண்ணாமலை டவுனுக்குப் போய்ப் புதிதாகப் பதிய வேண்டும். இந்த விதியால் சர்க்கரை கட்டுக்குள் வந்ததா என்று பார்ப்பது எங்கள் ஆய்வு. அதற்குப் பொறுப்பு நான்.

நெல்லும் கடலையும் போடுகிற ஊர்களில் விதி ஓரளவு நன்றாகவே வேலை செய்தது. ஓர் ஊரில் மட்டும் படுத்துவிட்டது. கிரிவலப் பாதை ஓரம், அடி அண்ணாமலைக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். அங்கே இரண்டு அறைக் கட்டடத்தில் கிளினிக். செவிலியர் தினமும் இருப்பார்; சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை மட்டும் வாரா வாரம் வியாழக்கிழமை. நோயாளிகளை நான்கு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வியாழன் என்று வைத்திருந்தார்கள். அந்த ஊரில் மூடிய பெயர்கள் மளமளவென்று குவிந்தன. நான் அவர்களை எல்லாம் "விட்டுப்போனவர்கள்" என்று ஒரு பட்டியலில் போட்டேன். அதோடு நிற்காமல், "இவ்வூர் மக்களிடம் தொடர் சிகிச்சையில் ஆர்வம் குறைவு; கிளினிக்கை நகரத்து மருத்துவமனையுடன் இணைப்பது நல்லது" என்றும் எழுதினேன். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஊருக்கே ஆர்வம் இல்லை என்று எழுதிவிட்டேன், பாருங்கள்.

இதில் ஒரு நெருடல் இருந்தது. வருடக் கடைசியில் நாங்கள் வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ரத்தம் எடுத்திருந்தோம். அந்த ஊரில் விட்டுப்போனவர்களின் சர்க்கரை, ஒழுங்காக வந்தவர்களின் சர்க்கரையைப் போலவே இருந்தது. மாதக்கணக்காக மாத்திரை வாங்காதவருக்கு எப்படிச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும்? எனக்குப் புரியவில்லை. புரியாததை என்ன செய்வது? அடிக்குறிப்பில் போட்டு, "இது மேலும் ஆராயப்பட வேண்டும்" என்று முடித்தேன். நம் துறையில் அந்த வாக்கியத்துக்கு, "எனக்கு வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது" என்று அர்த்தம்.

அறிக்கை போய்ச் சேர்ந்தது. துறையில் ஏற்றுக்கொண்டார்கள். திங்கட்கிழமை கூட்டம், கிளினிக்கை மாற்றும் உத்தரவு தட்டச்சாகிக் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. நானும் என்ன புடவை கட்டுவது என்று யோசிக்கிற அளவுக்கு நிம்மதியாக இருந்தேன்.

அந்தத் திங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பௌர்ணமி. பௌர்ணமிக்கு மலை சுற்றுவது என் வழக்கம். பாதி பக்தி, பாதி உடம்புக்கு நல்லது என்கிற எண்ணம். ராத்திரிக் கூட்டத்தில் நசுங்க முடியாது என்று தரை சூடு தணிந்ததும் நான்கு மணிக்கே கிளம்பிவிடுவேன். பாதி வழியில் ஒரு மோர்க் கடை உண்டு. கடை என்றால் ஒரு மேசை, இரண்டு குடம், மேலே ஒரு சேலைப் பந்தல். மாதா மாதம் அங்கேதான் மோர் குடிப்பேன். அன்று அந்தக் கடைக்கார அம்மா என்னை உற்றுப் பார்த்து, அவர்கள் தெருவுக்கு வந்து விரலில் குத்தியது நான்தானே என்று கேட்டார். பச்சையம்மா என்று பெயர் சொன்னார். நானும் மரியாதைக்கு, சர்க்கரை எப்படி இருக்கிறது, மாத்திரை போடுகிறீர்களா என்று விசாரித்தேன். அவர் மேசைக்குக் கீழே இருந்த டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அரசு முத்திரை போட்ட அட்டை.

அந்தத் தெருவில் அநேகமாக எல்லாப் பெயரும் மூடியவை என்பது எனக்கு மனப்பாடம். மூடிய பெயருக்கு ஏது அட்டை என்று நான் விழித்தேன். பச்சையம்மா மோர் ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"வியாழக்கிழமை வரச் சொல்றாங்க. வியாழக்கிழமையும் பௌர்ணமியும் ஒண்ணா வந்துச்சுன்னா நான் எங்க போறது? அன்னிக்கி வித்தாதான் எங்களுக்கு மாசம் ஓடும். ஒரு தபா போவல. அடுத்த தபா பாத்தா பௌர்ணமிக்கு மொத நாளா வந்து நிக்குது. தண்ணி புடிக்கணும், பந்தல் கட்டணும். ரெண்டு தபா வரலன்னு பேரை மூடிட்டாங்க. சிஸ்டர்தான் பாவம் பாத்து மறுநா, அதுக்கு மறுநான்னு குடுக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே இருபத்தொன்பதரை நாள். மாத்திரைக்கு இருபத்தெட்டு நாள். வித்தியாசம் ஒன்றரை நாள்தான். ஒருவருடைய வியாழன் ஒரு முறை பௌர்ணமியில் மாட்டிக்கொண்டால் அடுத்த முறையும் அதை ஒட்டியேதான் வரும். வெளியூர்க்காரர் ஒருவர் இதைக் கவனிக்காமல் விட்டால் மன்னிக்கலாம். நான் இந்த மண்ணில் பிறந்து, மாதா மாதம் மலை சுற்றி, "விட்டுப்போனவர்" என்று நானே பட்டியலில் போட்ட ஒருவர் கையாலேயே மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் முகமே தெரியவில்லை.

பச்சையம்மா அதோடு விடவில்லை. இரண்டு வருடம் முன்பு அவருக்குக் காலில் புண். விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த கிளினிக் சிஸ்டர்தான் நாள் விடாமல் கட்டு மாற்றிக் காலைக் காப்பாற்றியிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "கிளினிக்க டவுனுக்கு எடுத்துகினு போறாங்களாமே? இங்க யாரும் வர்றதில்லனு யாரோ எழுதிக் குடுத்துட்டாங்களாம். யாரும்மா அது?"

விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். ஆம், அப்படித்தான் செய்தேன். அழகாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பத்தடி போயிருப்பேன். திரும்பி வந்து, அதை எழுதியது நான்தான், தப்பாக எழுதிவிட்டேன், திங்கட்கிழமை மாற்றச் சொல்கிறேன் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இன்னொரு தம்ளர் குடிச்சிட்டு போங்க. நடக்கணும்ல" என்றார். அந்தத் தம்ளருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அது இன்னும் உறைத்தது.

சனிக்கிழமை காலையிலேயே வசந்தா சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். அந்த கிளினிக்கின் செவிலியர் அவர்தான். அறிக்கையில் என்ன இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரியும். உட்காருங்கள் என்று சொன்ன விதத்திலேயே நின்றுகொண்டிருக்கலாம் என்று தோன்றியது. நான் பௌர்ணமியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, இதைக் கண்டுபிடிக்க உனக்கு இவ்வளவு படிப்பு வேண்டியிருந்ததா என்கிற மாதிரி பார்த்தார். இதை முன்பே எங்களிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க மூணு தபா கிளினிக்குக்கு வந்தீங்க மேடம். மூணு தபாவும் கம்ப்யூட்டரத்தான் கேட்டீங்க. என்னைய ஒண்ணும் கேக்கல."

பிறகு உள்ளே போய் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தார். மூடிய பெயர்கள் அத்தனையும் அதில் இருந்தன. எந்தத் தேதியில் வந்தார்கள், எத்தனை மாத்திரை, சர்க்கரை எவ்வளவு, பக்கத்தில் கையெழுத்து அல்லது கைநாட்டு. மருந்து பழைய ஆள் எண்ணிக்கைப்படியே வந்துகொண்டிருந்ததால் கையிருப்பு இருந்திருக்கிறது. என் அடிக்குறிப்பின் விடை அந்த நோட்டில் முழுசாக இருந்தது. ஆனால் மூடிய பெயருக்கு மருந்து கொடுப்பது விதிக்கு விரோதம். இந்த நோட்டு வெளியே போனால் தன் வேலைக்கு ஆபத்து, கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்த பிறகுதான், இனி எதை வைத்து என் அறிக்கையை நானே அடித்து நொறுக்குவது என்று பயம் பிடித்தது.

ஞாயிறு முழுக்க நாள்காட்டியோடு உட்கார்ந்தேன். நோட்டைத் தொடாமல், துறையின் கம்ப்யூட்டர் வருகைப் பதிவையும், வீடு வீடாகப் போனபோது நாங்கள் குறித்த தொழில் விவரத்தையும் மட்டும் வைத்துப் பார்த்தேன். நான்கு குழுவும் ஒன்றன்பின் ஒன்றாகப் பௌர்ணமியில் மாட்டியிருந்தன. எந்தக் குழு மாட்டியதோ அந்தக் குழுவில் மட்டும் அந்த இரண்டு மாதம் பெயர்கள் மூடின; மற்ற மூன்று குழுவும் பிசகாமல் வந்திருந்தன. அதே ஊரில் கடை போடாத கொத்தனார், மாடு வைத்திருப்பவர் யாரும் எந்த மாதமும் தவறவில்லை. நாம் சீட்டுக் குலுக்கிப் போட்டு நடத்த வேண்டிய சோதனையை நிலவே எங்களுக்கு நடத்திக் கொடுத்திருந்தது. அன்று சாயங்காலம் நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அறிக்கை தப்பு என்று நிரூபிப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்குத் துணை இயக்குநர் தலைமை. டாக்டராக இருந்து நிர்வாகத்துக்கு வந்தவர். அவருக்கு வழவழா கொழகொழா பிடிக்காது. கிளினிக்கை ஒப்படைக்க வேண்டும் என்பதால் வசந்தா சிஸ்டரையும் வரச்சொல்லியிருந்தார்கள். கடைசி வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் எழுந்ததும், என் அறிக்கையில் அந்த ஊரைப் பற்றிய முடிவு தவறு, அதை வாபஸ் வாங்குகிறேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். இதை மட்டும் நினைவில் வையுங்கள். தப்பைச் சொல்வதென்றால் முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். பத்தாவது வாக்கியத்துக்குத் தள்ளிப் போட்டால், நடுவில் ஒன்பது சாக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பௌர்ணமியை விளக்கினேன். ஞாயிறன்று போட்ட வரைபடத்தைக் காட்டினேன். அறையில் சிரிப்பு எழுந்தது. இரண்டு பேர் பாக்கெட் நாள்காட்டியை எடுத்துச் சரிபார்த்தார்கள். காரியம் முடிந்தது என்று நான் நினைத்த நேரத்தில் துணை இயக்குநர் பக்கங்களைப் புரட்டிவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"பேரு மூடினவங்களுக்கு மாசக்கணக்கா மாத்திரை கெடைக்கலன்னு ஆவுது. ஆனா உங்க அடிக்குறிப்புல அவங்க சர்க்கரை நல்லா இருக்குன்னு போட்டிருக்கீங்க. அது எப்படி?"

என் பணிக்காலத்தில் என் அடிக்குறிப்பைப் படித்த முதல் அதிகாரி அவர்தான். அதற்கு அன்றைக்குத்தானா நாள் கிடைத்தது?

யோசித்துப் பாருங்கள், நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? தெரியவில்லை என்று சொன்னால் பொய். அந்தப் பொய்யோடு என் புது விளக்கமும் சந்தேகத்துக்கு உள்ளாகும், கிளினிக் போய்விடும். உண்மையைச் சொன்னால் கிளினிக் நிற்கும், சிஸ்டர் போய்விடுவார். திரும்பிக் கடைசி வரிசையைப் பார்க்கவே கூடாது என்று கழுத்தைப் பிடித்து வைத்திருந்தேன்.

"அதுக்கு பதில் எனக்குத் தெரியும் சார். ஆனா அதை சொல்ற உரிமை எனக்கு இல்ல" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தபோது பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நான் குடுத்தேன் சார்" என்றார் வசந்தா சிஸ்டர்.

விதி தெரியாதா என்று துணை இயக்குநர் கேட்டார். குரல் உயரவில்லை, அதனாலேயே பயமாக இருந்தது.

"தெரியும் சார். பௌர்ணமி எப்பன்னும் தெரியும். கம்ப்யூட்டர் பேரை மூடிக்கிச்சு. நான் கதவை மூட முடியுமா?"

பேசக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியவர் நோட்டைப் பையில் போட்டே கொண்டுவந்திருந்தார். முன்னால் வந்து மேசைமேல் வைத்தார். துணை இயக்குநர் பக்கம் பக்கமாகப் படித்தார். அறிக்கையை அவர் அவ்வளவு நேரம் படித்திருக்க மாட்டார் என்று பந்தயம் கட்டுவேன். பிறகு என்னைப் பார்த்து, ஆய்வுக்கு எத்தனை முறை அங்கே போனீர்கள் என்று கேட்டார். மூன்று முறை என்றேன். இந்த நோட்டைப் பார்க்கவில்லையா என்றார். நான் கேட்கவே இல்லை என்று சொன்னேன். அசடு வழிந்ததைத் துடைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

அவர் அந்த உத்தரவைக் கிழித்துப் போடவில்லை, அதெல்லாம் சினிமாவில்தான். கோப்பின் அடியில் செருகிவிட்டு, கிளினிக் அங்கேயே இருக்கட்டும் என்றார். எந்தக் குழுவின் வியாழன் பௌர்ணமியை ஒட்டி வருகிறதோ அந்தக் குழு ஒரு வாரம் முன்பே மாத்திரை வாங்கிக்கொள்ளலாம், மூடிய பெயர்களை கிளினிக்கிலேயே திறக்கலாம் என்று குறிப்பு எழுதச் சொன்னார். நான் என் அறிக்கையைத் திருத்தி எழுதினேன். அடிக்குறிப்பு முதல் பக்கத்துக்கு வந்தது. "ஆர்வம் குறைவு" என்கிற இரண்டு வார்த்தையை அடிக்கும்போது பேனாவைக் கொஞ்சம் அழுத்தியே அடித்தேன்.

அடுத்த பௌர்ணமிக்குப் பச்சையம்மாவிடம் சேதி சொன்னேன். அவருக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தது. மோர் ஊற்றினார், இந்த முறை காசு வாங்கிக்கொண்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆனால் அலுவலகம் என்றால் விதி மீறலுக்கு விளக்கம் கேட்டே ஆக வேண்டும். சில நாளில் வசந்தா சிஸ்டருக்குக் கடிதம் வந்தது. அனுமதியின்றி மருந்து வழங்கியது ஏன், ஒரு வாரத்துக்குள் எழுத்துமூலம் பதில் தருக. அவர் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். வாய்க்கு வாய் பேசுகிற அந்த மனுஷி அன்று கடிதத்தை என் மேசையில் வைத்து, நீங்களே பதில் எழுதிக் கொடுங்கள் என்றார். பெண்ணுக்குக் கல்லூரி முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. இதற்குக் காரணம் நான் என்பதால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். நிலவின் சுழற்சி, விதியின் குறைபாடு, இரண்டு வரைபடம், எல்லாப் பழியும் என் ஆய்வின் மேல். என் வாழ்நாளிலேயே சிறந்த எழுத்து என்று நினைத்துக்கொண்டு அவரிடம் கொடுத்தேன்.

அவர் நிதானமாக வாசித்தார். "நல்லா இருக்கு மேடம். ஆனா இதுல நான் எங்கயும் இல்லியே" என்றார். அந்த நான்கு பக்கத்தையும் மடித்து என்னிடமே தந்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாள் வாங்கி என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினார். தபாலில் சேர்க்கும் முன் எனக்குப் படிக்கக் கொடுத்தார். பெறுநர், அனுப்புநர், பொருள் எல்லாம் போக, விளக்கம் இவ்வளவுதான்:

"மருந்து இருந்தது. நோயாளி வந்தார். கொடுத்தேன்."

அதன் ஓரத்தில் துணை இயக்குநர் பச்சை மையில் "ஏற்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்பை முடித்தார்.